ஐந்நூற்றொன்றாவது யூனிட்

திருச்சிராப்பள்ளி கே.கே. நகரில் சம்பளக்காரர்களும் ஓய்வூதியக்காரர்களும் குடியிருக்கும் வீடுகளில், வாசற்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மின்சார மீட்டரும், அதனருகே ஆணியில் மாட்டிய வெள்ளை அட்டை ஒன்றும் இருப்பதைக் காணலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பவர் வந்து, ஓடிய யூனிட்டைக் குறித்து, கட்டவேண்டிய தொகையைச் சொல்லிவிட்டுப் போகிறார். குடும்பத் தலைவர் அந்தத் தொகையைப் பார்த்து, ‘போன தடவைக்கு இந்தத் தடவை ஜாஸ்தி’ என்றோ ‘பரவாயில்லை’ என்றோ தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்துவிட்டு, கடைசித் தேதிக்குள் பணத்தைக் கட்டிவிடுகிறார். மொத்தத் தொகை அதிகமா குறைவா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்தத் தொகையின் கடைசி ரூபாய் எந்த யூனிட்டுக்காகக் கொடுக்கப்பட்டது, அந்த யூனிட்டினால் வீட்டுக்கு வந்த பிரயோஜனம் என்ன, அதற்கு அடுத்த யூனிட் எரிந்திருந்தால் என்ன விலையாகியிருக்கும் என்று கேட்பவர் மிகச் சிலர். பொருளாதார சாஸ்திரம் ஒரு சம்சாரிக்குக் கற்பிக்கக்கூடிய பாடங்களுள் தலையாயது, மொத்தத்தையும் சராசரியையும் விட்டு விளிம்பில் நிற்கும் அந்த ஒரு யூனிட்டை விசாரிக்கும் பழக்கமே என்பது என் உறுதியான எண்ணம். அதைக் கற்க நம் வாசற்சுவரில் இருக்கும் மீட்டரைவிடச் சிறந்த சாதனம் வேறில்லை.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டண வீதங்களை எடுத்துக்கொள்வோம். பின்னர் 2024 ஜூலையில் வீதங்கள் சற்று ஏறினாலும் படிகளின் அமைப்பு மாறவில்லையாதலால், கணக்குக்கு எளிதான 2022-ஆம் ஆண்டு வீதங்களையே இங்கே கையாளுகிறேன். இரண்டு மாதத்தில் ஓடும் முதல் 100 யூனிட், 2016 மே மாதத்தில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா பிறப்பித்த உத்தரவின்படி, இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 201 முதல் 400 வரை 4 ரூபாய் 50 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய். ஆக, சரியாக 500 யூனிட் எரித்த வீட்டார் கட்டவேண்டியது 1,725 ரூபாய். சராசரியாகப் பார்த்தால் யூனிட் ஒன்று 3 ரூபாய் 45 காசு, ஒன்றும் பிரமாதமில்லை. அதே வீட்டில் இன்னும் ஒரேயொரு யூனிட் கூட ஓடிவிட்டதென்று வைத்துக்கொள்ளுங்கள். 501-ஆவது யூனிட்டின் அறிவிக்கப்பட்ட விலை 8 ரூபாய்தான். ஆனால் 500-ஐக் கடந்த வீட்டுக்கு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு அரசாங்கம் அளித்துவந்த பாதி மானியம் நின்றுபோய், அவையும் 4 ரூபாய் 50 காசு வீதத்தில் கணக்கிடப்படுகின்றன. மொத்தம் 1,958 ரூபாய் ஆகிறது. அந்த ஒரு யூனிட்டுக்காக வீட்டார் கொடுத்த மெய்யான விலை 233 ரூபாய்.

இது 2022-இல் புதிதாக உண்டான விநோதமன்று. அதற்கு முன்பிருந்த வீதப்படி, நிலைக்கட்டணத்தையும் சேர்த்து, 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாயும் 501 யூனிட்டுக்கு 1,786 ரூபாய் 60 காசும் ஆயின. அந்நாளில் 501-ஆவது யூனிட்டின் மெய்யான விலை 656 ரூபாய் 60 காசு! இத்தனை விலை கொடுத்து ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்க எந்த வீட்டாராவது தெரிந்து சம்மதித்திருப்பார்களா? தெரியாமல் வாங்கினார்கள்; ஆண்டுக்கணக்காக வாங்கினார்கள். மொத்தத் தொகையை மட்டும் நோக்கும் கண்ணுக்கு அந்த விலை புலப்படவேயில்லை.

சராசரி என்பது நடந்து முடிந்த விஷயத்தைப் பற்றிய செய்தி. இனி நடக்கவேண்டியதைத் தீர்மானிக்க அது உதவாது. பல சமயங்களில் வழி தவறவும் செய்கிறது. ஒன்றரை டன் குளிர்சாதனப் பெட்டி (ஏ.ஸி.) ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை யூனிட் வரை எடுக்கும். கார்த்திகை மார்கழியில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓடும் வீட்டில் கூடுதலாக ஓடும் ஒரு யூனிட்டின் விலை 4 ரூபாய் 50 காசு. சித்திரை வைகாசியில் 550 ஓடும் அதே வீட்டில், அதே பெட்டிக்கு, அதே ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். ‘நமக்கு யூனிட் நாலு ரூபாய் சொச்சம்தான் விழுகிறது’ என்று சராசரியைச் சொல்லிக்கொண்டு விசையைத் தட்டுபவர், அதைப்போல ஏறத்தாழ இரண்டு பங்கு விலை கொடுத்துக் காற்றை வாங்குகிறார். அதற்காக, அக்கினி நட்சத்திரத்துத் திருச்சியில் குளிர்சாதனப் பெட்டியை அணைத்துவிட்டு வியர்வையில் புரளவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. விலைக்கு எதிரே பயனையும் வைத்து நிறுப்பதுதான் இந்த ஆராய்ச்சியின் ஜீவன். இரவு பத்து மணிக்கு, மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் குடித்த வெயிலைக் கக்கிக்கொண்டிருக்க, குழந்தை தூக்கம் வராமல் சிணுங்கும்போது ஓடும் முதல் ஒரு மணி நேரம் எட்டு ரூபாய்க்கும் அதற்கு மேலும் தகும். அறை குளிர்ந்து, தூங்குபவர் போர்வையை இழுத்துத் தலைவரை போர்த்திக்கொண்டுவிட்ட விடியற்காலை நாலு மணிக்கு ஓடும் கடைசி ஒரு மணி நேரம் எட்டுக் காசுக்கும் தகாது. இரண்டுக்கும் விலை ஒன்றே, பயன்தான் வேறு. ‘ஏ.ஸி. வேண்டுமா, வேண்டாமா’ என்று வீட்டுக்கு வீடு நடக்கும் தர்க்கத்தில் இரு கட்சியாரும் கேட்கத் தவறும் கேள்வி, எத்தனையாவது மணி நேரம் என்பது.

இந்த விளிம்பு நோக்கு, மேனாட்டுப் பேரறிஞர்களுக்குமே எளிதில் கிட்டியதன்று. 1776-இல் தம் பெருநூலை வெளியிட்ட ஆதம் ஸ்மித், உயிருக்கு இன்றியமையாத தண்ணீர் விலையின்றிக் கிடைக்க, யாதொரு உபயோகமும் அற்ற வைரம் எப்படிப் பெருவிலை பெறுகிறது என்ற புதிரை எழுப்பினாரேயன்றி, அதை முற்றிலும் அவிழ்த்தாரில்லை. நம் ஊராருக்கு இந்தப் புதிர் வெளிநாட்டுச் சங்கதியன்று. திருவரங்கத்துப் பெருமாள் திருமேனியில் விளங்கிய வைரம் ஒன்றைப் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுச் சிப்பாய் ஒருவன் வஞ்சகமாகக் களவாடிச் சென்றான் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. கதை மெய்யோ அன்றோ, ஆர்லோவ் என்று பெயர் பெற்ற அந்த வைரம் ருஷ்யச் சக்கரவர்த்தினி காதரீனின் செங்கோலில் பதிக்கப்பெற்று இன்றும் மாஸ்கோவின் கிரெம்ளினில் இருப்பது மெய். அது இருந்ததாகச் சொல்லப்படும் அரங்கத்தைச் சூழ்ந்து இருபுறமும் ஓடுகின்றன காவிரியும் கொள்ளிடமும். ஸ்மித்தின் தண்ணீரும் வைரமும் ஒரே தீவில்!

1871-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸும் வியன்னாவில் மெங்கரும், 1874-இல் வால்ராவும், ஒருவரையொருவர் அறியாமலே ஏறக்குறைய ஒரே விடையைக் கண்டார்கள். தண்ணீர் என்னும் பொருள் முழுவதையும் வைரம் என்னும் பொருள் முழுவதையும் எதிரெதிரே நிறுத்தி இரண்டில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் நிலைமை எந்த மனிதனுக்கும் வருவதில்லை. இருப்பதற்கு மேல் இன்னும் ஒரு குடம் தண்ணீர், இன்னும் ஒரு வைரக்கல் என்பதே அவன் முன் நிற்கும் பிரச்னை. பொருள் பெருகப் பெருக அதன் அடுத்த அளவு தரும் பயன் குறைந்துகொண்டே போகிறது. விலை அந்த இறுதிநிலைப் பயனைத் தொடர்கிறது. இதை ஏட்டில் படித்தறிய வேண்டிய அவசியம் காவிரிக்கரையாருக்கு இல்லை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தபோது ஒரு குடம் தண்ணீருக்கு இருந்த மதிப்பையும், அடுத்த ஆண்டே, 2018 ஆகஸ்டில், வெள்ளத்தின் வேகம் தாங்காமல் முக்கொம்பு மேலணையின் மதகுகள் இடிந்து விழுந்தபோது அதே தண்ணீரின் அடுத்த குடத்துக்கு இருந்த மதிப்பையும் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். காவிரி ஒன்றுதான்; தண்ணீரின் தன்மையும் மாறவில்லை. விளிம்பு நகர்ந்துவிட்டது.

கே.கே. நகர் உழவர் சந்தைக்குக் காலை வேளையில் போகிறவர்கள் இந்த விளிம்பு மணிக்கு மணி நகர்வதைப் பார்க்கலாம். 1999 நவம்பரில் மதுரையில் முதலாவதாகத் தொடங்கப்பெற்ற உழவர் சந்தைகளின் வரிசையில் வந்தது இது. விடிவதற்குள் கிராமத்திலிருந்து மூட்டையோடு வந்து சேரும் விவசாயி, வாயிலில் எழுதி வைத்த அன்றைய விலைக்கு மேல் விற்கக்கூடாது, இடைத்தரகர் கிடையாது. ஆறரை மணிக்கு அரைக்கீரைக் கட்டு பலகையில் எழுதிய விலைக்குச் சரியாகப் போகிறது; பேரத்துக்கு இடமில்லை; வாங்குபவரும் கட்டைப் புரட்டிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு நகர்கிறார். ஒன்பதரை மணிக்கு வெயில் தகரக் கூரையில் ஏறுகிறது. ஈரச் சாக்கை விரித்து அதன்மேல் அடுக்கிய கட்டுகளில் இலை நுனி சுருங்கத் தொடங்க, கீரைக்கார அம்மாள் பிளாஸ்டிக் குவளையிலிருந்து தண்ணீரைக் கையில் ஏந்தித் தெளித்துக்கொண்டே, போகிற ஒருத்தியைக் கூப்பிடுகிறாள்: “ரெண்டு கட்டு காசுக்கு மூணா எடுத்துக்கம்மா. இத தூக்கிக்கிட்டுப் போயி நான் என்ன பண்ணப் போறேன்?”

அந்த அம்மாள் நஷ்டத்துக்கு விற்கிறாள் என்று இரக்கப்படுபவர் உண்டு. காலையில் வாங்கியவரை ஏமாற்றிவிட்டாள் என்று கோபிப்பவரும் உண்டு. இரண்டும் தவறு. விதைக்கும் களைக்கும் தண்ணீருக்கும் வண்டிக்கும் அவள் செலவழித்த பணம் செலவழிந்துவிட்டது. இந்தக் கட்டை விற்றாலும் அது திரும்பாது, விற்காவிட்டாலும் திரும்பாது. ஒன்பதரை மணிக்கு அவள் முன்னுள்ள கேள்வி, இந்தக் கட்டுக்கு இப்போது கிடைக்கும் காசு பெரிதா, இதை ஊருக்குத் திரும்பச் சுமந்து போய் மாட்டுக்குப் போடுவது பெரிதா என்பதுதான். கல்லூரிப் பொருளாதாரப் பாடத்தில் பல பக்கங்களில் விளக்கப்படும் நியாயத்தை அவள் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள். ஆனால் அதே அம்மாள், அடுத்த பட்டத்துக்குக் கீரை விதைப்பதா வேறு பயிர் செய்வதா என்று யோசிக்கும் நாளில், விதையும் களையும் கூலியும் வண்டிச் செலவும் ஒன்று விடாமல் மீண்டும் கணக்கில் ஏறவேண்டும். அன்றைக்கு அவை இன்னும் செலவழியாத பணம். எந்தத் தீர்மானத்துக்கு எந்தச் செலவு கணக்கில் சேரும் என்று பிரித்தறிவதில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது. நன்கு படித்தவர்களும் இடறி விழுவது இங்கேதான்.

இடறி விழும் இன்னோர் இடம், இன்று கே.கே. நகரின் மொட்டைமாடிகளில் நடக்கும் சூரிய மின்தகடு வியாபாரம். மத்திய அரசாங்கம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய திட்டத்தின்படி, ஒரு கிலோவாட் தகடு அமைத்தால் 30,000 ரூபாயும், இரண்டுக்கு 60,000 ரூபாயும், மூன்றுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் 78,000 ரூபாயும் மானியம். விற்க வருபவர் 78,000 என்னும் பெரிய எண்ணையே முன்வைக்கிறார். ‘போடறதுதான் போடறோம், மூணாவே போட்டுடுங்க சார்’ என்பது அவர் வாக்கு. மானியத்தைக் கிலோவாட் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதற் கிலோவாட்டுக்கு 30,000, இரண்டாவதுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, நான்காவதுக்கு ஒன்றுமில்லை.

பயனையும் அப்படியே பிரிக்கவேண்டும். ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு யூனிட், அதாவது இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் தருவதாகக் கொள்வோம். மின் வாரியத்தின் பிற கட்டணங்களை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். இரண்டு மாதத்தில் 700 யூனிட் எரிக்கும் வீட்டாருக்கு, 601 முதல் 800 வரை யூனிட்டுக்கு 9 ரூபாய் என்பதால், பில் 3,650 ரூபாய். முதற் கிலோவாட் வந்ததும் வாங்கும் மின்சாரம் 460 யூனிட்டாகக் குறைகிறது. பில் 1,485 ஆகிறது. மிச்சம் 2,165 ரூபாய். தகடு தந்த யூனிட் ஒவ்வொன்றும் சராசரியாக ஒன்பது ரூபாய் பெற்றது. இரண்டாவது கிலோவாட் வந்ததும் வாங்குவது 220 யூனிட். பில் 315 ரூபாய். இதனால் மிச்சம் 1,170 ரூபாய், அதாவது யூனிட் ஒன்று ஐந்து ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மூன்றாவது கிலோவாட் மிச்சப்படுத்தக்கூடியது, எஞ்சியிருக்கும் அந்த 315 ரூபாய்தான். யூனிட்டுக்கு ஒன்றேகால் ரூபாய்க்குச் சற்றே மேல்!

மூன்று தகட்டுக்கும் வெயில் ஒன்றே, வேலை ஒன்றே. முதலாவது, வீட்டார் மிக அதிக விலை கொடுத்து வாங்கிவந்த உச்சிப் படியின் யூனிட்டுகளை நீக்குகிறது. கடைசியானது, அரசாங்கம் இலவசமாகவும் பாதி விலைக்கும் தரும் யூனிட்டுகளை நீக்குகிறது. மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் என்று ஓர் அழகான எண் வரும்; அந்த எண்ணைக் காட்டி மூன்றாவது கிலோவாட்டை எளிதாக விற்றுவிடலாம். மகன் மின்சார வண்டி வாங்கப்போகிறான், மாடியில் இன்னொரு குளிர்சாதனப் பெட்டி வரப்போகிறது என்றால் கணக்கு வேறாகலாம். அப்போது அந்தப் புதிய 240 யூனிட்டை எந்தப் படியில் வாங்கவேண்டியிருக்கும் என்று பார்த்து முடிவு செய்க. ஆனால், ‘மானியம் வருகிறதே, விடுவானேன்’ என்று மட்டும் கருதிப் போடப்படும் மூன்றாவது கிலோவாட், சேமிப்பில் கிடந்தால் மாதாமாதம் வட்டி தரக்கூடிய பணத்தைக் கூரைமேல் கொண்டுபோய் உட்காரவைப்பதாகும்.

காய்கறி சற்று மலிவென்று கே.கே. நகரிலிருந்து காந்தி மார்க்கெட்டுக்குக் காரெடுத்துப் போவதையும், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற அறிவிப்பைக் கண்டு வீட்டில் இடமில்லாத மூன்றாவது பொருளைச் சுமந்து வருவதையும், முன்பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகப் பிள்ளைக்கு ஒவ்வாத பயிற்சி வகுப்பைத் தொடர்வதையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அவற்றை விரிக்கப் புகவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். ‘இன்னும் ஒன்றுதானே’ என்ற எண்ணமும், ‘நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய்தானே’ என்று தவணை வியாபாரி காதில் ஓதும் மந்திரமும் இறுதிநிலை ஆராய்ச்சியைப்போலத் தோற்றமளிப்பவை. உண்மையில் அதன் எதிரிகள். சிறியதைச் சிறியதென்று சொல்லிவிட்டு நின்றுவிட்டால் ஆராய்ச்சி ஆகாது. அந்தச் சிறிய தொகை வேறு எந்த உபயோகத்துக்குப் போயிருக்கும், அங்கே அது தந்திருக்கக்கூடிய பயன் என்ன என்று எதிர்த்தட்டில் ஒன்றை வைத்த பிறகே நிறுவை நடக்கிறது. அதேபோல், குடும்ப வாழ்க்கையின் எல்லா விவகாரங்களும் இந்தத் தராசுக்கு உரியவையல்ல. வயோதிகத் தாயாரின் மருந்தைக் கடைசி மாத்திரையின் பயன் என்ன என்று நிறுப்பவன் பொருளாதாரமும் அறியான், தர்மமும் அறியான். நிறுக்கத்தக்கவற்றை நன்றாக நிறுத்தால்தான், நிறுக்கத்தகாதவற்றுக்குக் கை நிறையக் கொடுக்க இயலும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

இதுவரை வீட்டாருக்குச் சொன்னது. இனி அரசாங்கத்துக்கு.

விளிம்பை நோக்கி முடிவெடு என்று ஒரு குடும்பத்துக்கு உபதேசம் செய்யவேண்டுமானால், விளிம்பு நேர்மையானதாக இருக்கவேண்டும். 501-ஆவது யூனிட்டுக்கு 233 ரூபாய் என்பது நேர்மையான விளிம்பன்று. ஒரு நாளைக்கு எட்டு யூனிட் வீதம் நிதானமாகச் செலவழிக்கும் குடும்பம் அறுபது நாளில் 480 யூனிட் எரித்து 1,605 ரூபாய் கட்டவேண்டியது. கணக்கெடுப்பு மூன்று நாள் தள்ளிப்போய் அறுபத்துமூன்றாம் நாள் நடந்தால் மீட்டர் 504 காட்டுகிறது. தொகை 1,982 ரூபாய். மூன்று நாள் மின்சாரத்துக்கு 377 ரூபாய்! அந்தக் குடும்பம் தன் பழக்கத்தில் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாக எரிக்கவில்லை. மேலும், இந்த எல்லை மீட்டருக்கு வகுக்கப்பட்டதேயன்றி ஆளுக்கு வகுக்கப்பட்டதன்று. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பேரக்குழந்தைகள் என்று ஏழு பேர் சேர்ந்து வாழும் வீடு ஐந்நூற்றைக் கடந்து மானியத்தை இழக்கிறது. இரண்டு பேர் வாழும் பக்கத்து வீடு குளிர்சாதனப் பெட்டியோடு ஐந்நூற்றுக்குள் அடங்கி மானியத்தைப் பெறுகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு மூன்று மின் இணைப்புகள் முளைப்பதும், அவற்றைத் தேடிப்பிடித்து ஒன்றாக்க மின் வாரியம் அலைவதும் இத்தகைய எல்லைக்கோடுகள் பெற்றெடுத்த பிள்ளைகள்.

இந்த நோய்க்கு மருந்து நம் நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. வருமான வரியில், 2025-26 நிதியாண்டு முதல், புதிய முறைப்படி 12 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ளவருக்கு வரியில்லை. 12 லட்சத்துப் பத்தாயிரம் சம்பாதித்தவருக்குச் சாதாரணக் கணக்குப்படி 61,500 ரூபாய் வரி வரும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்த குற்றத்துக்கு அறுபத்தோராயிரத்து ஐந்நூறு அபராதம் என்றாகிவிடும். அந்த அநியாயத்தை உணர்ந்த சட்டம், எல்லையைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகக்கூடாது என்று இறுதிநிலை நிவாரணம் அளித்து, வரியைப் பத்தாயிரம் ரூபாயோடு நிறுத்துகிறது. அதற்குமேல் செஸ் மட்டும் சேரும். பன்னிரண்டு லட்சம் சம்பாதிப்பவரின் விளிம்பில் இத்தனை கவலை காட்டும் இந்த நாட்டில், ஐந்நூறு யூனிட் எரிக்கும் குடும்பத்தின் விளிம்பைக் கவனிப்பார் இல்லை.

செய்வதற்கு அரியதொன்றும் இல்லை. 500-ஐக் கடக்கும் வீட்டார் இழக்கும் மானியம் 225 ரூபாய். அதை ஒரே அடியாகப் பறிக்காமல், அடுத்த 300 யூனிட்டில் யூனிட்டுக்கு 75 காசு வீதம் திரும்பப் பெறலாம். 501 முதல் 600 வரை 8 ரூபாய் 75 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 75 காசு, அதற்கு மேல் 2022-ஆம் ஆண்டு வீதத்திலிருப்பதுபோல் 10 ரூபாய். படி ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று உயரம், எங்கும் பள்ளமில்லை. 501 யூனிட் எரித்தவர் 1,733 ரூபாய் 75 காசு கட்டுவார். 800 எரித்தவர் அந்த வீதத்தில் கட்டும் அதே தொகையைக் கட்டுவார். இடைப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் சலுகையால் கஜானாவுக்குச் சிறு நஷ்டம் உண்டு, அதை மறைக்கவேண்டியதில்லை. திடீர் எல்லை இருந்தால்தான் ஜனங்கள் சிக்கனமாக இருப்பார்கள் என்ற வாதத்தை மாத்திரம் நான் ஒப்பவில்லை. எல்லை எப்போது வருமென்று அறியாதவனை அந்த எல்லை சிக்கனப்படுத்துவதில்லை. தாண்டிவிட்டோம் என்று அறிந்தவனோ, ‘போனது போயிற்று’ என்று பிடியைத் தளர்த்திவிடுகிறான். படிப்படியாக ஏறும் விலைதான் ஒவ்வொரு யூனிட்டிலும் சிக்கனத்தைக் கற்பிக்கும்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது தி.மு.க. வாக்குறுதி அளித்த மாதாந்திரக் கணக்கெடுப்பைப் பற்றியும் பலர் நினைவூட்டுகிறார்கள். அது நல்லதே; மாதம் ஒருமுறை தன் நிலைமையை அறிபவன் விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஆனால் அதனால் மட்டும் இந்தச் சரிவு மறைந்துவிடாது. 500 என்ற இடத்தில் 250 வந்து நிற்கும். சரிவைச் சமன் செய்வதே முதற்கடமை.

கட்டணங்களை மாற்றுவதற்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்பது விதி. 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சென்னையிலும் அவ்வாறு கேட்டது. அடுத்த முறை அறிவிப்பு வெளியாகும்போது, கட்டணத்தைக் குறையுங்கள் என்று பொதுவாக எழுதும் மனுக்கள் ஆயிரக்கணக்கில் போகும், போகட்டும். கே.கே. நகரிலும் திருவரங்கத்திலும் உள்ள வாசகர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வெள்ளை அட்டையிலுள்ள கணக்கை எடுத்துக்காட்டி, வருமான வரி கட்டுபவருக்குச் சட்டம் அளிக்கும் இறுதிநிலை நிவாரணத்தை மின்கட்டணம் கட்டுபவருக்கும் அளியுங்கள் என்று ஒரே கோரிக்கையை எழுதி அனுப்புவீர்களாக.